பேய் இடப்பக்கத்தில் வரட்டும்

பேய்க் கவிதைத் தொகுப்பு போட நினைக்கிற பலர் முதலில் தேடுவது அட்டைக்கு ஓவியரை. உள்ளே என்ன எங்கே வரணும் என்பதை டிடிபி செய்பவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். காதல் கவிதைக்கு அது ஓரளவு செல்லும். பேய்க் கவிதைக்குச் செல்லாது. பக்க அமைப்பும் கவிஞர் வேலைதான்.

முதலில் எழுத்து. புறநானூறு 281-ஐ எடுத்துப் படியுங்கள். அரிசில்கிழார் பாட்டு, துறை (பாட்டின் பொருள்வகை) பேய்க்காஞ்சி. வீட்டில் இரவ மரத் தழையும் வேம்பும் செருகுகிறார்கள், மை பூசுகிறார்கள், ஐயவி என்ற வெண்கடுகு சிதறுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், புகை போடுகிறார்கள். புண்பட்டுக் கிடப்பவனைக் காக்க இத்தனையும். பாட்டில் பேய் என்ற சொல்லே கிடையாது. காவலை மட்டும் காட்டியே வெளியே நிற்பதை உணர்த்திவிடுகிறார். காரைக்கால் அம்மையார் இதற்கு நேர் எதிர். திருவாலங்காட்டுப் பதிகத்தில் வற்றிய மார்பு, எழுந்த நரம்பு, குழிந்த வயிறு, நீண்ட கணைக்கால் என்று பெண்பேயை உறுப்பு உறுப்பாக நிறுத்துகிறார். இரண்டு வழியும் பலிக்கும், ஏனென்றால் இரண்டிலும் தொட்டுக் காட்டக்கூடிய பொருள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே "அமானுஷ்ய இருள்", "மரண ஓலம்" என்று போகிற வரிகள்தான் பலிக்காது.

ஒவ்வொரு கவிதையின் தலையிலும் பென்சிலில் மூன்று குறிப்பு எழுதுங்கள்: யாருடைய பேய், எந்த இடம், அதற்கு என்ன வேண்டும். இரண்டு கவிதைக்கு ஒரே பதில் வந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். நள்ளிரவு, புளியமரம், மல்லிகை வாசம், கொலுசு என்ற நான்கும் நாலாவது கவிதைக்குள் தீர்ந்துபோகும். உச்சிவெயிலில் ஆளில்லாத களத்து மேட்டை எழுதலாமே, நம் ஊர்களில் அந்த நேரத்துக்கும் பயம் உண்டு. கடைசி வரியில் பேய் பழைய காதலியாக மாறும் கவிதை தொகுப்புக்கு ஒன்று போதும். அதற்கு மேல் போனால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார், அது நியாயமும்கூட.

இனி பக்கம். புத்தகத்தில் ஒற்றைப்படை எண் வலப்பக்கம், இரட்டைப்படை இடப்பக்கம். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு கவிதை ஓடினால், முதல் வரி படிக்கும்போதே கண் கடைசி வரியைப் பார்த்துவிடும். அதனால் இரண்டு பக்கக் கவிதையை வலப்பக்கத்தில் தொடங்குங்கள். தாளைப் புரட்டியதும் இடப்பக்கத்தில் பேய் வரட்டும். இதற்காக அங்கங்கே வெற்றுப்பக்கம் விழும், அதையும் கணக்கில் வையுங்கள். ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கக் கட்டுதான் ஃபாரம். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றால், 80 பக்கம் ஐந்து ஃபாரம். தலைப்பு, உரிமை, பொருளடக்கம், என்னுரை எல்லாம் எட்டுப் பக்கத்துக்குள் அடங்கினால் கவிதைக்கு 72 மிஞ்சும். அணிந்துரையைப் பின்னால் தள்ளுங்கள். முன்னால் வைத்தால் எந்தக் கவிதையில் என்ன வருகிறது என்று அதுவே சொல்லிவிடுகிறது.

கறுப்புப் பக்கத்தில் வெள்ளை எழுத்து வேண்டும் என்பவர்கள் கவனிக்க: தமிழின் சுழிகளுக்குள் மை புகுந்து ணை, ழூ போன்றவை அடைபட்டுவிடும். 13 பாயின்ட், சற்றுத் தடித்த எழுத்துரு இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். மெல்லிய தாளில் கறுப்பு பின்பக்கம் தெரியும். டிஜிட்டல் அச்சில் மடிப்போரம் டோனர் உதிரும். ஒரு பக்கத்தோடு நிறுத்துவது நல்லது.

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்டு ரெடி கம்போஸர் என்ற அமைப்பைப் போடாமல் யூனிகோடைக் கொட்டினால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நீளமான வரி மடங்கினால் மிச்சத்தை உள்தள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் அது புது வரியாகப் படிக்கப்படும். மெய்ப்பை (ப்ரூஃபை) கைபேசியில் பார்க்காதீர்கள். இருபக்கமும் அச்சடித்து, மடித்து, புரட்டிப் பாருங்கள். பேய் எந்தப் பக்கம் விழுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

சொந்தமாகப் பதிப்பிப்பவர்கள் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் இலவசமாகவே தருகிறார்கள், நேரம் மட்டும் பிடிக்கும். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் மற்ற இரு நூலகங்களுக்கும் படி அனுப்ப வேண்டியது பதிப்பாளர் பொறுப்பு.

மின்னூலில் இடப்பக்கம் வலப்பக்கம் கிடையாது. எழுத்தளவை மாற்றினால் வரிகளும் நகரும். அங்கே கடைசிப் பத்திக்கு முன்னால் பக்க முறிவை நீங்களே செருகித் தர வேண்டும்.