போலிஷ்காரர்களின் ஆங்கிலமும் வீணான நாக்குப் பயிற்சியும்

போலிஷ் பேசுபவர்களுக்கு ஆங்கில உச்சரிப்பு கற்பிக்க உட்கார்ந்தால், பலரும் முதலில் செய்வது நாக்கைப் பல்லிடுக்கில் நீட்டச் சொல்வதுதான். ‘திங்க்’ என்பது அவர்கள் வாயில் ‘ஃபிங்க்’, ‘ஸிங்க்’ என்று வந்துவிடுகிறதாம். வந்தால் என்ன? லண்டன்காரர்கள் பலரே ‘ஃபிங்க்’ என்றுதான் சொல்கிறார்கள். வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் தங்களுக்குள் ஆங்கிலம் பேசும்போது எந்தெந்த ஒலிகள் பிசகினால் புரியாமல் போகும் என்று 2000-இல் ஒரு பட்டியல் தந்த மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸும் இந்த ஒலியை அதில் சேர்க்கவில்லை.

வில்லங்கம் சொல்லின் வாலில் இருக்கிறது. போலிஷில் ‘பஸ்’ஸின் ப் போலக் குரல்நாண் அதிர ஒலிக்கும் மெய்கள் பல, சொல்லின் கடைசியில் வந்தால் அந்த அதிர்வை இழந்துவிடும். ரொட்டிக்கு அவர்கள் சொல் ‘ஹ்லெப்’. எழுதுவது ‘பஸ்’ஸில் வரும் ப், ஒலிப்பது ‘பால்’ என்பதில் வரும் ப். இதே பழக்கம் ஆங்கிலத்துக்கும் வந்தால் தோளில் மாட்டும் பேக்கும் முதுகைக் குறிக்கும் பேக்கும் ஒன்றாகிவிடும். (தமிழ் எழுத்தில் ஏற்கெனவே ஒன்றுதான் என்பதால் இதை விளக்குவதற்குள் எனக்கே மூச்சு முட்டுகிறது.)

‘கடைசி எழுத்தை அழுத்திச் சொல்’ என்றால் வேலைக்கு ஆகாது. மாணவர் அதன் பின்னால் ஓர் உயிரொலியை ஒட்டிவிடுவார். அது இன்னும் மோசம். ஆங்கிலம் பழகிய காது, கடைசி மெய்யைவிட அதற்கு முந்தைய உயிரின் நீளத்தைத்தான் பிடிக்கும். பை என்றால் அந்த உயிர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளும். முதுகு என்றால் வெடுக்கென நிற்கும். ஆக, உயிரை நீட்டிவிட்டுக் கடைசி மெய்யை மெல்ல விட்டுவிடுங்கள். கைபேசியில் இரண்டையும் பதிவுசெய்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். மூக்கொலி உயிர்களை விட்டால் போலிஷில் இருப்பவை 6 உயிரொலிகள், குறில் நெடில் வேறுபாடே கிடையாது. பிரிட்டிஷ் ஆங்கிலத்திலோ இரட்டை உயிர்களும் சேர்ந்து 20. எனவே நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது அழுத்தம். போலிஷில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். ஆகவே ‘டிவெலப்மென்ட்’டில் ‘வெ’யை அழுத்தாமல் ‘லோப்’ என்று ஓங்கி அடிப்பார்கள். அழுத்தமில்லாத உயிர்கள் நம் குற்றியலுகரம் போலத் தேய்ந்து போவதும் அவர்களுக்குப் புதிது. இந்தத் தேய்வு அவசியமில்லை என்கிறார் ஜென்கின்ஸ். பிரிட்டனில் வேலைக்குப் போகிறவர் விஷயத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் பேசுவது எதிராளிக்குப் புரிந்துவிடும். எதிராளி விழுங்கிப் பேசுவதுதான் அவருக்குப் பிடிபடாது.

‘வாட்டர்’ என்பதன் முதல் ஒலியை அவர்கள் பல்லை உதட்டில் வைத்துச் சொல்லும் பிரச்சினை வாயில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. உதடு குவித்துச் சொல்லும் வ அவர்களிடம் தாராளமாக உண்டு. நாம் ஸ்லோட்டி என்று எழுதும் அவர்கள் பணம் அவர்கள் வாயில் ‘ஸ்வோட்டி’. அந்த ஒலிக்கு அவர்கள் எழுதுவது குறுக்குக்கோடு போட்ட எல். ஆங்கில டபிள்யூவைக் கண்டதும் மேல்பல்லைக் கீழுதட்டில் வைப்பது போலிஷ் எழுத்துப் பழக்கம். இரண்டு வாரத்துக்குப் பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு டபிள்யூவின் மேலும் அந்தக் கோடு போட்ட ‘எல்’ எழுத்தைப் பென்சிலால் எழுதி வாசிக்கட்டும். நாக்குப் பயிற்சியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், நேரம் மிச்சமிருந்தால்.