ஆபியின் பெயரில் ஒரு விடுதி

அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஆபி கெல்லி ஃபாஸ்டருக்கு அமெரிக்காவில் செய்த மரியாதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டர் நகரில், அடிதாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண்களும் போக்கிடம் இல்லாதவர்களும் இரவு தங்க 1976-இல் சில பெண்கள் சேர்ந்து ஒரு விடுதி திறந்தார்கள். அதற்கு ஆபியின் பெயரை வைத்தார்கள்.

ஆபி 1811-இல் பிறந்த குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) பெண், பள்ளி ஆசிரியை. அடிமை ஒழிப்புக்காக வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் பேசக் கிளம்பியவர். ஆண்களும் இருக்கும் சபையில் பெண் எழுந்து பேசுவதே அன்று அடாத செயல். 1838-இல் ஃபிலடெல்ஃபியாவில் அவர் பேசிய பென்சில்வேனியா மண்டபத்தை மறுநாளே ஒரு கும்பல் கொளுத்தியது. பிரசங்க மேடையிலிருந்தே அவரை ‘யேசபேல்’ என்று ஏசினார்கள். (பைபிளில் வரும் கொடிய ராணியின் பெயர் அது; ஒழுக்கங்கெட்டவள் என்று பெண்ணை ஏசும் வசவு.)

பேச்சைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய பண்ணை வீடு. வூஸ்டரில் இருந்த அந்த வீட்டில், அடிமை முறை இருந்த தென் மாநிலங்களிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அவரும் கணவர் ஸ்டீஃபனும் இடம் கொடுத்தார்கள். 1850-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படி ஒளித்து வைத்தால் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் டாலர் வரை அபராதம். பிடிபட்டவர் திரும்ப எஜமானிடமே போக வேண்டியதுதான். எல்லாம் தெரிந்தேதான் கதவைத் திறந்தார்கள். அப்புறம் 1874-இல், ஓட்டுரிமை இல்லாதவளிடம் வரி மட்டும் எதற்கு என்று கட்ட மறுத்து, அதே பண்ணையை ஏலம் வரை கொண்டுபோனார். பிடிவாதக்காரி!

அடிமை முறையும் குடும்ப வன்முறையும் ஒன்றுதான் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. மனிதரை விற்கவும் வாங்கவும் சட்டமே துணைநின்ற கொடுமை வேறு. ஆனால் தப்பித்து வந்தவருக்கு அந்த இரவில் வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான்: தாழ்ப்பாள் உள்ள அறை, சூடான சாப்பாடு, ‘ஏன் வந்தாய், எதற்கு வந்தாய்’ என்று குடையாத ஆள், தேடி வருபவனிடம் காட்டிக்கொடுக்காத வாய். விடிந்தபின் வேலை இன்னும் அதிகம். வழக்கு, வாடகை முன்பணம், பிள்ளைகளின் பள்ளி. அடித்தவனிடமே பலர் திரும்பிப் போவது வேறு கூரை கிடைக்காததால்தான். வூஸ்டர் விடுதி இரவுத் தங்கலோடு நிற்காமல், பெண்கள் நெடுநாள் தங்கக் குறைந்த வாடகை வீடுகளும் நடத்துவதை அதனால்தான் பெரிதாக மதிக்கிறேன்.

சிலை என்றால் ஒருமுறை வசூல் செய்தால் போதும். விடுதிக்கு மாதாமாதம் கரண்ட் பில் வரும். ஜனவரி 15, ஆபியின் பிறந்தநாளில் படம் பகிர்கிறவர்கள் இப்படிப்பட்ட விடுதிகளின் பில்லிலும் கொஞ்சம் பங்கு போடலாம்.