ராத்திரி ஒரு மணி நேரத்துக்கு எந்த எஞ்சின்?

"சும்மா ஆசைக்கு ஒரு கேம் செய்து பார்க்கணும், எதில் ஆரம்பிக்கலாம்?" என்று யாராவது கேட்டால் போதும், "யூனிட்டி கத்துக்கோ, நாளைக்கு வேலைக்கும் ஆகும்" என்று பதில் வந்துவிடும். (யூனிட்டி ஒரு கேம் எஞ்சின், அதாவது கேம் செய்ய உதவும் மென்பொருள்.) கேட்டவர் வேலையா கேட்டார்? பகலெல்லாம் ஆபீஸில் ஜாவாவோடு மல்லுக்கட்டிவிட்டு, சாப்பிட்டபின் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்கு வழி கேட்கிறார்.

அதற்கு நான் பார்ப்பது ஒன்றுதான். ஒரு வரியை மாற்றினால் எவ்வளவு சீக்கிரம் அது திரையில் ஓடுகிறது? ப்ராஜெக்ட் திறப்பதற்குள் கொட்டாவி வந்தால் அந்த எஞ்சின் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

பிகோ-8 என்ற குட்டி கேம் மென்பொருள் இந்த விஷயத்தில் ராஜா. கண்ட்ரோல்-ஆர் அழுத்தினால் கேம் ஓடும். புரோகிராம் எழுத, ஸ்ப்ரைட் (கேமில் வரும் உருவப்படம்) வரைய, மேப் போட, இசை கோக்க எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. திரை 128-க்கு 128 பிக்சல்தான், அடிப்படை நிறம் 16, புரோகிராம் 8192 டோக்கனுக்குள் (சொல், எண், குறி போன்ற துண்டுகள்) அடங்கணும். இவ்வளவு சின்ன இடத்தில் யாரும் உங்களிடம் பிரம்மாண்டம் எதிர்பார்க்க மாட்டார்கள், நீங்களும்தான். மலையேறும் கேமான செலஸ்ட் முதலில் 2015-இல் நாலு நாளில் செய்த பிகோ-8 கேம்; நாம் அறிந்த பெரிய செலஸ்ட் 2018-இல்தான் வந்தது. காசு கொடுக்க மனமில்லையா, அதே மாதிரியான டிக்-80 இருக்கிறது, ஓப்பன் சோர்ஸ்.

கொஞ்சம் பெரிய திரை வேண்டுமென்றால், லுவா என்ற மொழியில் கேம் எழுத உதவும் லவ்2டி. ஒரே ஒரு மெயின்.லுவா ஃபைல் போதும். 2024-இல் சக்கைப்போடு போட்ட பலாட்ரோ என்ற சீட்டாட்ட கேம் இதில் செய்ததுதான். (லுவாவில் பட்டியலின் எண்ணிக்கை ஜாவா மாதிரி 0-இலிருந்து இல்லை, 1-இலிருந்து தொடங்கும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.)

ஆனால் கேமுக்குள் தமிழ் வசனம் வேண்டுமா? அப்போது என் பதில் மாறும். லவ்2டியின் 11-ஆம் பதிப்பில் 'கொ' என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கோடோ 4 என்ற எஞ்சினில் சரியான ஃபாண்ட் கொடுத்தால் தமிழ் ஒழுங்காக வரும். பைத்தான் தெரிந்தவருக்கு கோடோவின் மொழியான ஜிடிஸ்கிரிப்ட் அந்நியமாகவும் இருக்காது. இன்ஸ்டால் வேலையும் கிடையாது, இறக்கித் திறந்தால் சரி.

2023-இல் யூனிட்டி, ஒரு கேம் இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று கேம் செய்பவர்களுக்குக் கட்டணம் அறிவித்து, அடுத்த வருஷம் கைவிட்டதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். நம் கேமை நாலு பேர் விளையாடினாலே அதிகம். அந்தக் கட்டணம் நம்மைத் தொட்டிருக்காது. யூனிட்டி திறந்ததும் உங்களுக்கு உற்சாகம் வருகிறதென்றால் அதிலேயே இருங்கள்.

ரேலிப் என்ற நிரல் நூலகத்தை எடுத்து, சி மொழியில் சொந்தமாக எஞ்சின் எழுதிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. கேம் மட்டும் வரவே வராது. கிண்டல் செய்யாதீர்கள், அவர்களுக்கு அந்த எஞ்சின்தான் விளையாட்டு.