இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஒரு பிளேன்

போன மாதம் சென்னையிலிருந்து மச்சான் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்துக்கு, ஊருக்கு வந்தான். பிளேனில் ஒன்றேகால் மணித்தியாலம், பலாலியில் இறங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு மாவிட்டபுரத்தில் இருந்தான். அவனைப் பார்க்க கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து நாங்கள் முதல் நாள் இரவே பஸ் ஏறி விடிய விடியக் குலுங்கிக்கொண்டு போனோம். கடல் தாண்டி வந்தவனிடம் களைப்பே இல்லை. எண்பது வயது அம்மாவுக்கு இரண்டு நாள் முதுகு நிமிரவில்லை.

இத்தனைக்கும் இந்த நாட்டின் விமான சேவை தொடங்கியதே இந்தப் பாதையில்தான். 1947 டிசம்பர் 10, எயார் சிலோனின் முதல் பறப்பு: இரத்மலானை, காங்கேசன்துறை (பலாலிதான்), சென்னை. அவர்களிடம் இருந்த மூன்று டகோட்டா விமானங்களில் ஒன்றின் பெயர் சீதாதேவி. இலங்கையிலிருந்து புறப்படும் பிளேனுக்கு அந்தப் பெயரை வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

அப்போது கொழும்பின் சர்வதேச விமான நிலையம் இரத்மலானைதான், கட்டுநாயக்க பிறகு வந்தது. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. அங்கிருந்து சென்னைக்குப் போய் படம் பார்த்துவிட்டு வந்த கதை எங்கள் வீட்டு எல்லாப் பெரியப்பாமாரிடமும் உண்டு. அதில் பாதியை நான் நம்புவதில்லை.

1978 செப்டெம்பர் 7, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்றே, இரத்மலானையில் நின்ற எயார் சிலோனின் ஆவ்ரோ விமானம் ஒன்று குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. 1998 செப்டெம்பர் 29 அப்படியல்ல. பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயாரின் அன்டனோவ் விமானம், 55 பேருடன் மன்னார்க் கடலில் விழுந்தது. அதன் சிதைவுகள் 2012இல்தான் கிடைத்தன. அந்தப் பாதையைப் பற்றிப் பேசினால் எங்கள் சனம் இன்றும் ஒரு கணம் மௌனமாகும்.

2006இல் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு நானும் அந்தப் பாதையில் பிளேனில் போயிருக்கிறேன். அனுமதி எடுக்கப் பல நாள், சோதனைக்கு அரை நாள், பறப்பதற்கு ஒரு மணித்தியாலம். பலாலியில் இறங்கியதும் பஸ் ஜன்னல்களை மூடச் சொன்னார்கள். அம்மா பிறந்த வீடு அந்தப் பக்கம்தான். இடுக்கு வழியாகக்கூட எதுவும் தெரியவில்லை.

சரி, அது போர்க்காலம். 2019 ஒக்டோபரில் பலாலி மறுபடி சர்வதேச விமான நிலையமானது. கொரோனாவில் நின்ற சென்னை சேவை 2022 டிசம்பரில் திரும்பியது, 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. நல்லது, சந்தோஷம். ஆனால் 1947 பாதையின் முதல் பாதி எங்கே? இரத்மலானை–பலாலி சேவையை யாராவது தொடங்குவார்கள், கொஞ்சக் காலம் ஓடும், பிறகு சத்தமில்லாமல் நின்றுவிடும். டிக்கெட் விலை கட்டுப்படியாகாது என்பார்கள். இருக்கலாம். ஆனால் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அரசாங்கம் நட்டத்தைப் பொறுத்துக்கொள்கிறதுதானே. வாரத்தில் மூன்று நாள் ஒரு சிறிய பிளேனுக்கும் கொஞ்சம் பொறுத்தால் என்ன?

பெரிய ஜெட் இறங்க ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீட்டினால் யாருடைய காணிக்குள் போகும்? 1990இல் போரால் உடுத்த உடுப்போடு வெளியேறிய, பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்குச் சனத்தின் காணிக்குள். அதில் இன்னும் விடுபடாத நிலங்கள் இருக்கின்றன. சென்னைக்கே ஏடிஆர் என்ற சிறிய பிளேன் போதுமென்றால் கொழும்புக்கு வேறென்ன வேண்டும்?

வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானைக்கு ஓட்டோவில் போய்விடலாம். ஆடி அமாவாசைக்கு மாவிட்டபுரம் கோயிலுக்குப் போக வேண்டுமென்று அம்மா இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார். பஸ்ஸில் முன்பக்கம் இரண்டு சீற் பதிந்திருக்கிறேன். அங்கே குலுக்கம் குறைவாம்.