மிஸ்டர் சன்ஷைன்: ஆறு பேர், ஐந்து விதத் துப்பாக்கி

மிஸ்டர் சன்ஷைன் என்ற கொரியத் தொடரைப் பார்த்த எல்லாரும் அந்தக் கூரைக் காட்சியைத்தான் பேசுகிறார்கள். துணி மறைத்த முகம், இரண்டு கண்கள், ஒரே ஆளை இரண்டு பக்கத்திலிருந்தும் குறிவைக்கும் இருவர். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 24 பகுதிகளில் கொரியப் போராளிகளின் நிஜ நிலைமையைச் சொல்வது, முடிவை நெருங்கும்போது வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் எடுக்கும் புகைப்படம்.

அப்படி ஒரு படம் உண்மையிலேயே இருக்கிறது. 1907-ல் எடுத்தவர் கனடாக்காரர் மெக்கன்சி, லண்டன் டெய்லி மெயிலின் நிருபர். ஜப்பானை எதிர்த்து ஆயுதம் எடுத்த நீதிப் படை என்ற கொரியப் போராளிகளில் ஆறு பேரைப் பார்த்து, அவர்கள் கையில் ஐந்து விதத் துப்பாக்கி, ஒன்றுகூட உருப்படி இல்லை என்று எழுதிவைத்தார். அதில் ஒன்று திரித் துப்பாக்கி. துருப்பிடித்த குழல், கையால் செதுக்கிய இடிகோல், தோளில் மாட்ட ஒரு துணிக் கிழிசல்.

திரித் துப்பாக்கியைச் சுடும் வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குழல் வாயில் மருந்தை அளந்து கொட்ட வேண்டும். ஈயக் குண்டைப் போட்டு இடிக்க வேண்டும். பக்கத் துளையருகே இருக்கும் சின்னக் கிண்ணத்தில் பொடி மருந்து வைத்து மூட வேண்டும். கையில் சுற்றிய திரியை ஊதிக் கனலவைத்து, திரியைப் பிடிக்கும் கொக்கியான குதிரையில் பொருத்தி, மூடியைத் திறந்து, அப்புறம்தான் விசை. நிமிடத்துக்கு இரண்டு தடவை சுட்டால் கெட்டிக்காரன். மழை பெய்தால் திரி அணையும், காற்றடித்தால் கிண்ணத்து மருந்து பறக்கும், ராத்திரியில் கனல் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். எதிரே ஜப்பானியச் சிப்பாயிடம் 5 தோட்டா போடும் 6.5 மி.மீ. அரிசாகா ரைஃபிள்.

முதல் பகுதியில் வரும் 1871 கங்வா தீவுச் சண்டையில் அமெரிக்கர்களிடம் தோற்றதும் இதே திரித் துப்பாக்கிதான். 36 வருடம் கழித்தும் அதே ஆயுதம்! தொடர் இந்த இரண்டு முனையையும் தொட்டிருக்கிறது, முடிச்சுப் போடவில்லை என்பதுதான் என் குறை.

நல்ல ரைஃபிள் இருந்தவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். 1907 ஆகஸ்ட் 1-ல் ஜப்பானியர் கொரிய அரச படையைக் கலைத்தபோது, வெறுங்கைப் பயிற்சி என்று சொல்லி ஆயுதமில்லாமல் வரச் சொன்னார்கள். படைப்பிரிவுத் தலைவர் பாக் சூங்-ஹ்வான் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அந்தச் சத்தத்தில் கொதித்தெழுந்த வீரர்கள் ஆயுதத்தைக் கைப்பற்றி, தெற்கு வாசல் பக்கம் தோட்டா தீரும்வரை சண்டை போட்டார்கள். தப்பியவர்கள் மலைக்குப் போனார்கள். செப்டம்பரில் துப்பாக்கிச் சட்டம் வந்து வேட்டைக்காரர்களின் துப்பாக்கியையும் பிடுங்க ஆரம்பிக்க, ஹாங் பம்-டோ போன்ற வேட்டைக்காரர்களும் சேர்ந்தார்கள். பிழைப்பில் கைவைத்த ஒரு சட்டம் எத்தனை பேரைப் போராளியாக்கியது என்பதை வைத்தே தனியாக ஒரு தொடர் எடுக்கலாம்.

ரைஃபிள் கிடைத்தாலும் அதற்கேற்ற தோட்டா கிடைக்காது. ஐந்து விதத் துப்பாக்கி என்றால் ஒருவன் தோட்டா இன்னொருவனுக்கு உதவாது. 1906 முதல் 1911 வரை கொல்லப்பட்ட கொரியர்கள் 17,779, தங்கள் தரப்பில் 136 என்று ஜப்பானியப் படையே கணக்கு வைத்திருக்கிறது. கூரைக் காட்சியில் இந்த விகிதம் தெரியவே தெரியாது.

நீதிப் படைத் தலைவர் ஒருவர் மெக்கன்சியிடம் கேட்டது வீர வசனம் இல்லை. "எங்கேயும் போய்வர உங்களால் முடியும். 5,000 டாலரோ 10,000 டாலரோ, கேட்டதைத் தருகிறோம், துப்பாக்கி வாங்கிக் கொண்டுவாருங்கள்" என்ற அர்த்தத்தில் கேட்டார். தன்னால் முடியாது என்று மெக்கன்சி சொல்லிவிட்டார்.