பிசிஆர் நெகட்டிவ், அதனால் டெங்கு இல்லையா?

காய்ச்சலின் ஆறாம் நாள் எடுத்த பிசிஆர் நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை, திருகோணமலை வைத்தியசாலைக்கு ஓடத் தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியல்ல. பிசிஆர் பரிசோதனை தேடுவது வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவை. இரத்தத்தில் அது நன்றாக அகப்படுவது முதல் 5 நாட்களில்தான். அப்புறம் குறைந்துவிடும், வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனைதான் உதவும். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ஆபத்தாகும். 2017இல் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா டெங்கினால் பட்ட பாடு தெரிந்த நாம் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது.

நீங்களே பார்க்கலாம்: அறிக்கையில் இரத்தம் எடுத்த திகதியையும் காய்ச்சல் தொடங்கிய நாளையும் ஒப்பிடுங்கள். காய்ச்சல் விட்டபின் வரும் ஆபத்து பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் டெங்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடும் வயிற்று வலி, விடாத வாந்தி என்றால் அறிக்கைக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.