ஹபிளின் பார்வைக்கும் எட்டாத கொடி

நிலவுப் பயணம் குறித்த விவாதம் எங்கே எழுந்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் விண்மீன் மண்டலங்களைப் படமெடுக்கும் தொலைநோக்கிகளால், அண்டை வீட்டைப் போல இருக்கும் நிலவில் நட்டுவிட்டு வந்த கொடியை ஏன் காட்ட முடியவில்லை? கேள்வி நியாயமானதுதான், கேட்பவரை எள்ளி நகையாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதற்குத் தரப்படும் விடைகளில் ஒன்று என்னைத் தொடர்ந்து உறுத்துகிறது. பெரிய ஆய்வகங்களின் தொலைநோக்கிகளில் எல்லாம் தெரியும், நம்மிடம் இருப்பவை சிறியவை என்பதால்தான் தெரிவதில்லை என்று, மனிதன் நிலவுக்குப் போனதை நம்புகிறவர்களே அடித்துச் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. உண்மைக்கு வக்காலத்து வாங்கச் சொல்லப்படும் பொய் என்பதால் அதன் தீங்கும் கூடுதல். அது பொய் என்று தெரியவரும் நாளில், அதனுடன் சேர்த்துச் சொல்லப்பட்ட உண்மையையும் கேட்டவர் தூக்கி எறிந்துவிடுவார்.

பூமியிலிருந்தோ பூமியைச் சுற்றியபடியோ இயங்கும் எந்தத் தொலைநோக்கியாலும் அமெரிக்காவின் அப்பல்லோ திட்டத்தில் நிலவில் இறங்கிய வீரர்கள் விட்டுவந்த பொருள்களை இன்றுவரை காட்ட முடியவில்லை. பூமியைச் சுற்றிவரும் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியாலும் முடியாது. காரணம் உருப்பெருக்கம் போதாமை அன்று. ஒரு படத்தை எத்தனை மடங்கு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், அதில் இல்லாத நுணுக்கம் பெரிதாக்குவதால் வந்துவிடாது. ஒளி அலையாகப் பரவுவதால், தொலைநோக்கியின் ஒளி குவிக்கும் கண்ணாடியான ஆடியில் பட்டுக் குவியும்போது ஒரு கூர்மையான புள்ளியாகச் சேராமல் சிறு வட்டமாகப் பரவிவிடுகிறது. ஆடி எவ்வளவு அகலமோ அந்த அளவுக்கு இந்த வட்டம் சிறுத்து, நுணுக்கம் கூடும். ஹபிளின் முதன்மை ஆடியின் விட்டம் 2.4 மீட்டர். நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். கண்ணுக்குப் புலப்படும் ஒளியை வைத்துக் கணக்கிட்டால், நிலவின் தரையில் ஏறத்தாழ 100 மீட்டருக்குக் குறைவான எதையும் ஹபிளால் பிரித்துக் காட்ட இயலாது. அங்கே நிற்கும் தரையிறங்கு கலத்தின் கீழ்ப்பகுதியோ, விரிந்த கால்களையும் சேர்த்து அளந்தால்கூடச் சுமார் 9 மீட்டர்தான். கொடி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். அந்தக் கொடியைக் கொடி என்று அடையாளம் காட்டும் ஆடி வேண்டுமென்றால், அதன் விட்டம் 200 மீட்டரைத் தாண்ட வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடி 6.5 மீட்டர் ஆயிற்றே என்று சிலர் கேட்பார்கள். அது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியனுக்கும் பூமிக்கும் நிலவுக்கும் முதுகைக் காட்டியபடி இயங்கும் கருவி. நிலவின் பக்கம் அதைத் திருப்பவே முடியாது.

அப்படியானால் விண்மீன் மண்டலங்கள் எப்படித் தெரிகின்றன? அவை தொலைவில் இருந்தாலும் அளவில் பிரம்மாண்டமானவை. ஆண்ட்ரோமெடா மண்டலம் 25 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. ஆயினும் அதன் முழு விரிவும் நம் கண்ணுக்குத் தெரியுமானால், வானில் ஆறு முழுநிலவுகளை வரிசையாக அடுக்கிய அகலத்துக்கு அது நீண்டிருக்கும். தெரியாமல் போவதற்குக் காரணம் அதன் மங்கல்தான், சிறுமை அன்று. கொடியின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் மேல் வெயில் தாராளமாக விழுகிறது, ஆனால் நம்மிடமிருந்து பார்க்கும் கோணம் அற்பத்திலும் அற்பம். அண்டத்தின் விளிம்பு வரை பார்த்த இதே ஹபிள், நம் சூரியக் குடும்பத்தின் புளூட்டோவை மங்கலான திட்டுகளாக மட்டுமே காட்டியது என்பதை இந்த விவாதத்தில் யாரும் நினைவூட்டுவதில்லை. புளூட்டோவின் முகத்தை நாம் கண்டது 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதன் அருகே போன பிறகுதான்.

தரையிலிருந்து பார்ப்பவர்களுக்குக் காற்று என்ற இன்னொரு தடையும் உண்டு. வளர்பிறைச் சஷ்டியை ஒட்டிய நாள்களில் நிலவில் அமைதிக் கடல் எனப்படும் சமவெளியின் மேற்குப் பகுதியில் சூரியன் உதிக்கிறது. அப்பல்லோ 11 இறங்கிய இடம் அதுதான். அந்த நேரத்தில் 15 சென்டிமீட்டர் ஆடியுள்ள தொலைநோக்கி ஒன்றை அங்கே திருப்பினால், சபைன், ரிட்டர் என்ற இரட்டைப் பள்ளங்கள் தெளிவாகத் தெரியும். அவற்றுக்குக் கிழக்கே ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் ஆகிய அப்பல்லோ 11 வீரர்களின் பெயர் தாங்கிய மூன்று சிறு பள்ளங்கள் உள்ளன. பெரியதான ஆம்ஸ்ட்ராங்கின் விட்டம் 4.6 கிலோமீட்டர், அதுகூட ஓடும் நீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் போல நெளிந்துகொண்டே இருக்கும், காற்று ஒரு கணம் அடங்கும்போது சட்டென்று கூர்மையாகி மறுபடியும் கலைந்துவிடும். 4 கிலோமீட்டர் அகலப் பள்ளத்துக்கே இந்தப் பாடு. பெரிய ஆய்வகங்கள் ஆடியின் வடிவத்தை நொடிக்குப் பலமுறை நெளித்து இந்தக் கலக்கத்தைப் பெருமளவு சரிசெய்கின்றன என்றாலும், ஆடியின் அகலம் விதிக்கும் எல்லையை அவையும் தாண்ட முடியாது. சிலியில் கட்டப்பட்டுவரும் 39 மீட்டர் தொலைநோக்கி காற்றை முழுவதும் வென்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், நிலவில் அதன் எல்லை ஏறத்தாழ ஆறு, ஏழு மீட்டர். தரையிறங்கு கலம் அதில் ஓரிரு புள்ளிகளாகப் பதியலாம். சந்தேகப்படுகிறவர் அந்தப் புள்ளிகளைப் பார்த்து மனம் மாறுவார் என்று நான் நம்பவில்லை.

ஆடியை அகலமாக்குவதைவிட அருகே போவது எளிது. 2009இல் ஏவப்பட்ட நாசாவின் நிலவுச் சுற்றுக்கலமான எல்.ஆர்.ஓ.வில் உள்ள குறுங்கோணக் கேமராவின் ஆடி 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்கள் வைத்திருக்கும் தொலைநோக்கியின் அளவுதான். ஆனால் அது 50 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபோது ஒரு படப்புள்ளிக்கு அரை மீட்டர் என்ற நுணுக்கத்தில் படமெடுத்தது. ஆறு தரையிறங்கு கலங்களும் அவற்றின் நிழல்களும் அதில் பதிவாகியுள்ளன. அப்பல்லோ 12, 16, 17 தளங்களில் கொடிகளின் நிழல், சூரியன் நகர நகர இடம் மாறுவதைக்கூட 2012இல் உறுதிசெய்தார்கள். அப்பல்லோ 11 தளத்தில் அப்படி ஒரு நிழல் இல்லை. மேலே கிளம்பும்போது கொடி சாய்ந்துவிட்டதாக ஆல்ட்ரின் முன்பே சொல்லியிருந்தார்.

அந்தப் படங்களுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அப்பல்லோ 14 தளத்தின் படம். 1971 பிப்ரவரியில் ஷெப்பர்டும் மிட்செலும் இரு சக்கரத் தள்ளுவண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு கோன் என்ற பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறினார்கள். மேடு பள்ளங்களுக்கிடையே இடம் பிடிபடாமல் அலைந்து, நேரம் தீர்ந்து, விளிம்பைக் காணாமலேயே திரும்பினார்கள். அவர்கள் விளிம்புக்குச் சுமார் 30 மீட்டர் வரை நெருங்கிவிட்டார்கள் என்பது பின்னர்தான் தெரியவந்தது. எல்.ஆர்.ஓ. படத்தில் கலத்திலிருந்து புறப்படும் அந்தத் தடம், புழுதி கலைந்த மெல்லிய கருங்கோடாக இன்றும் தெரிகிறது. வெற்றியைப் பறைசாற்றப் பொய்ப்படம் தயாரிப்பவர், வழி தவறிய தடத்தை வரைந்து வைத்திருப்பார் என்று நினைக்க எனக்கு இயலவில்லை.

நாசாவின் படத்தை வைத்தே நாசாவை மெய்ப்பிப்பதா என்ற ஆட்சேபமும் கேட்கத்தக்கதே. அதற்கும் விடை இருக்கிறது. ஜப்பானின் ககுயா நிலவுச் சுற்றுக்கலம், அப்பல்லோ 15 இறங்கியபோது எஞ்சின் வீச்சில் நிறம் மாறிய தரையை 2008இல் பதிவுசெய்தது. இந்தியாவின் சந்திரயான்-2 சுற்றுக்கலம் அப்பல்லோ 11 தளத்தையே படமெடுத்திருக்கிறது.

பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்ப வீரர்கள் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்களைச் சான்றாகக் காட்டுபவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1962இலேயே நிலவின் வெறும் தரையில் லேசரைப் பட்டுத் திரும்பவைத்தார்கள். ஆகவே ஒளி திரும்பி வருகிறது என்பது மட்டும் எதையும் நிறுவாது. சிதறாமல், நேரம் பிசகாமல், குறிப்பிட்ட புள்ளியிலிருந்து திரும்புகிறது என்பதே அங்கே ஒரு கருவி இருப்பதை நிறுவுகிறது. அப்போதும் அதை மனிதன்தான் வைத்தான் என்று ஆகிவிடாது. சோவியத்தின் ஆளில்லா லுனோகோட் ஊர்திகளிலும் அத்தகைய எதிரொளிப்பான்கள் உண்டு. லுனோகோட் 1 எங்கே நிற்கிறது என்று துல்லியமாகத் தெரியாமலேயே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தன. எல்.ஆர்.ஓ. படம் இடத்தைக் காட்டிக்கொடுத்த பிறகு, 2010 ஏப்ரலில் நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயிண்ட் ஆய்வகத்திலிருந்து அனுப்பிய லேசர் அதில் பட்டுத் திரும்பியது.

கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்பவர்களுக்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது. எல்.ஆர்.ஓ. படங்கள் யாவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2019இல் நிலவில் மோதிய விக்ரம் கலத்தின் சிதறலை முதலில் அடையாளம் கண்டவர், அந்தப் படங்களைத் தன் கணினியில் வைத்து முன்பின் ஒப்பிட்டுப் பார்த்த சண்முக சுப்பிரமணியன் என்ற பொறியாளர். நாசா ஆராய்ந்து அதை ஏற்று, அவர் பெயரையும் வெளியிட்டது. விண்வெளி அமைப்பு எதிலும் அவர் பணியாற்றவில்லை. அப்பல்லோ தளங்களைத் தேடுபவர்கள் ஒரே இடத்தின் படங்களில் காலையில் எடுத்ததையும் மாலையில் எடுத்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கட்டும். கலத்தின் நிழல் ஒன்றில் மேற்கேயும் மற்றொன்றில் கிழக்கேயும் விழுந்திருக்கும்.